எத்தனை அடி மிச்சம்?

பழைய திரைப்படம் ஒன்றின் முழுப் பிரதி என்று திரைப்பட ஆவணக்காப்பாளர்கள் சொல்லும்போது, அப்படம் முதன்முதலில் எந்த நீளத்தில், எந்தக் காட்சி வரிசையில், எந்த ஒலியோடு பொதுமக்களுக்குக் காட்டப்பட்டதோ அந்த வடிவத்தையே குறிப்பிடுகின்றனர். கேட்க எளிதாகத் தோன்றும் இவ்விளக்கம் நடைமுறையில் தொல்லை மிகுந்தது. ஏனெனில் தமிழ்ப் படங்கள் பலவற்றில் தணிக்கை வாரியம் ஒரு முறையும், விநியோகஸ்தர் ஒரு முறையும், திரையரங்குக்காரர் ஒரு முறையும், பின்னாளில் காணொளித் தட்டு விற்றவர் ஒரு முறையும் கத்தரி வைத்திருக்கின்றனர். இன்று கொரட்டூரில் தம் வீட்டில் அமர்ந்து 1940-களின் படமொன்றைக் கைப்பேசியில் தேடிப் பார்ப்பவர் காண்பது இத்தனை கத்தரிகளுக்கும் தப்பிய மிச்சத்தையே. ஆனால் போனது எவ்வளவு என்பதை அந்தத் திரை அவருக்குச் சொல்வதில்லை.

போனதை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டகங்கள் அடங்கும்; பேசும் படம் நொடிக்கு 24 சட்டகங்கள் என்ற வேகத்தில் ஓடுவதால், ஒரு நிமிடக் காட்சிக்கு 90 அடி சுருள் செலவாகும். ஆயிரம் அடி கொண்ட ஒரு ரீல் ஏறத்தாழ 11 நிமிடங்கள் ஓடும். இதனால்தான் பழைய தணிக்கைச் சான்றிதழ்களும் விளம்பரங்களும் படத்தின் நீளத்தை மணிக்கணக்கில் சொல்லாமல் அடிக்கணக்கில் சொல்லின. ஜெமினி ஸ்டுடியோவில் எஸ். எஸ். வாசன் தயாரித்து இயக்கி, 1948 ஏப்ரல் 9 அன்று வெளியிட்ட ‘சந்திரலேகா’வின் தமிழ் வடிவம் 193 நிமிடங்கள் ஓடுவது, சுருளாக அளந்தால் பதினேழாயிரம் அடிக்கு மேல். அப்படத்தின் பிரதி ஒன்று கையில் கிடைக்கும்போது, ஆவணக்காப்பாளர் கதையைப் பார்ப்பதற்கு முன்பே அடியை அளப்பது இக்காரணத்தினால்தான்.

சுருள் எப்படிக் குறைகிறது என்பதை அறிய, அது பயணம் செய்த வழியைப் பின்தொடர வேண்டும். நகரத்தின் முதல்நிலைத் திரையரங்கில் தொடங்கி, சிற்றூர்க் கொட்டகைகள் வழியாக டூரிங் டாக்கீஸ் வரை ஒரே பிரிண்ட் ஆண்டுக்கணக்கில் சுற்றியது. இயந்திரத்தில் சுருள் அறும்போதெல்லாம், கிழிந்த சட்டகங்களை ஆபரேட்டர் வெட்டி எறிந்துவிட்டு இரு முனைகளையும் பசையால் ஒட்டினார். ரீலின் தொடக்கமும் முடிவும் அதிகம் கையாளப்பட்டதால் அங்கேதான் இழப்பும் அதிகம். பார்வையாளர் கண்ணுக்குத் தெரிந்தது கீறல்கள் மட்டுமே, அதைப் ‘படத்தில் மழை பெய்கிறது’ என்று கொட்டகையில் கேலி செய்தனர்; காட்சி தாவுவதைப் பலர் கவனிக்கவே இல்லை. இரவுக்காட்சி நேரத்தோடு முடிய வேண்டும் என்பதற்காகப் பாட்டு ஒன்றை விட்டுவிட்டு ஓட்டுவது இன்னொரு வழக்கம். அப்படி எடுத்து வைத்த பாட்டு, பெட்டி அடுத்த ஊருக்குப் போகும்போது மறந்துபோய் அங்கேயே தங்கிவிட்டால், அந்தப் பிரிண்டைப் பொறுத்தவரை அப்பாட்டு ஒழிந்தது.

பிற்காலத்து வெட்டு வேறு வகையானது. வி.சி.டி. எனப்பட்ட காணொளித் தட்டு ஒன்றில் 74 முதல் 80 நிமிடப் படம்தான் அடங்கும். மூன்று மணி நேரப் படத்தை இரண்டு தட்டுகளுக்குள் அடக்கி விற்க விரும்பியவர்கள் மீதத்தை விட்டுவிட்டனர். இணையத்தில் உலவும் பழைய படங்களில் கணிசமானவை இத்தகைய தட்டுகளிலிருந்தோ தொலைக்காட்சி ஒளிபரப்பிலிருந்தோ எடுக்கப்பட்டவை. ஆகவே ஒரு படத்தைப் பத்துப் பேர் பதிவேற்றியிருந்தாலும், பத்தும் ஒரே குறைப்பிரதியின் பிள்ளைகளாக இருக்கலாம். எண்ணிக்கை இங்கே சாட்சியாகாது.

வடஐரோப்பியத் திரைப்பட ரசிகர்களுக்கு முழுப் பிரதிக்கான தேடல் நெடுநாள் பழக்கமானது. சுவீடனில் 1911-இலேயே அரசுத் தணிக்கை அலுவலகம் அமைந்தது. உலகின் பழமையான தணிக்கை அமைப்புகளுள் ஒன்று அது. விக்டர் சியோஸ்ட்ரோம் 1912-இல் இயக்கிய ‘தோட்டக்காரன்’ என்ற படத்தை அவ்வலுவலகம் தடை செய்தது, நெடுங்காலம் தொலைந்ததாகக் கருதப்பட்ட அதன் பிரதி ஒன்று பின்னர் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் வெளிப்பட்டது. 1941 செப்டம்பரில் ஸ்டாக்ஹோம் நகரின் சேமிப்பறை ஒன்று வெடித்து எரிந்ததில் சுவீடனின் மௌனப்பட நெகட்டிவ்களில் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சிய பிரதிகளைக் கொண்டு பழைய படங்களை மறுபடி கட்டியெழுப்பியபோது, காட்சிகளுக்கு நடுவே வரும் எழுத்துப் பலகைகளின் வாசகங்களையும் படத்தின் நீளத்தையும் குறித்து வைத்திருந்த தணிக்கைப் பதிவட்டைகளே ஆய்வாளர்களுக்கு வரைபடமாக உதவின. வெட்டியவரின் கணக்கேடு மீட்பவருக்குக் கைகொடுத்தது என்ற இந்த முரணைத் தமிழ்த் திரைப்பட ஆர்வலர்கள் மனத்தில் கொள்வது நல்லது.

இவ்வகைத் தேடலில் பெரும்புகழ் பெற்ற நிகழ்வு டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் தியோடர் டிரையர் பிரான்சில் எடுத்த ‘ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்’ படத்தைப் பற்றியது. 1928 ஏப்ரலில் கோபன்ஹேகனில் முதலில் திரையிடப்பட்ட அப்படம், பாரிசில் வெளியாவதற்கு முன் திருச்சபையின் எதிர்ப்பினாலும் அரசுத் தணிக்கையினாலும் வெட்டப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் பெர்லினில் நேர்ந்த தீயில் மூல நெகட்டிவ் அழிந்தது. ஒதுக்கி வைத்திருந்த மாற்றுப் படப்பிடிப்புத் துண்டுகளைக் கொண்டு டிரையர் இரண்டாவது வடிவம் ஒன்றைத் தொகுத்தார். அடுத்த ஆண்டே அதுவும் தீக்கு இரையானது. அரை நூற்றாண்டுக்குப் பின், 1981-இல், நார்வேயின் ஆஸ்லோ நகரை அடுத்த டிகெமார்க் மனநல மருத்துவமனையின் சாமான் அறை ஒன்றில் கிடந்த டப்பாக்கள் நார்வேத் திரைப்பட நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டன. டேனிஷ் மொழி எழுத்துப் பலகைகளோடு, பாரிசின் கத்தரி படாத முதல் வடிவமாக அது இருந்தது. எனினும் டப்பாக்கள் வந்து சேர்ந்த பிறகும் சில ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கிடைத்த சுருள் இன்னதென்று அறியப்படும் வரை அது கிடைத்ததாகவே ஆகாது.

சந்திரலேகாவுக்கும் டென்மார்க்குக்கும் ஒரு தொடர்பு இருப்பது தமிழ் வாசகர் பலருக்கு வியப்பளிக்கலாம். தமிழ் வடிவம் வெளியான ஆண்டின் டிசம்பரில் 207 நிமிட இந்தி வடிவமும், பின்னாளில் வெளிநாடுகளுக்காகச் சுருக்கப்பட்ட ‘சந்திரா’ என்ற ஆங்கில வடிவமும் வந்தன. ஜப்பானிலும் படம் திரையிடப்பட்டது. 1954 ஏப்ரலில் ‘இந்தியென்ஸ் ஹெர்ஸ்கர்’ என்ற பெயரில் டென்மார்க்கிலும் வெளியானது. மெட்ராஸ் கதீட்ரல் சாலை முனையிலிருந்த ஸ்டுடியோவில் அப்படத்துக்காக அமைத்த முரசு நடனத்தைக் கோபன்ஹேகன் மக்கள் காசு கொடுத்துப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. அப்படியானால் சந்திரலேகாவின் முழுப் பிரதி எது? இந்தி வடிவம் 14 நிமிடம் நீளமானது என்பதால் தமிழ் வடிவம் வெட்டுப்பட்டது என்று முடிவு கட்டிவிட முடியாது. வாசன் வடநாட்டுச் சந்தைக்காகத் தனியே திருத்திச் சேர்த்த வடிவம் அது. இங்மார் பெர்க்மனின் ‘ஃபேனியும் அலெக்சாண்டரும்’ படத்துக்கு 188 நிமிடத் திரையரங்க வடிவம், 312 நிமிடத் தொலைக்காட்சி வடிவம் என இரண்டு உள்ளன. இரண்டுமே இயக்குநர் ஒப்புக்கொண்டவை. நீளமானதே முழுமையானது என்னும் நம்பிக்கை, தேடுவோரைப் பெரிதும் திசைதிருப்பும் நம்பிக்கைகளுள் ஒன்று. மறுபுறம், சுருக்கப்பட்ட அயல்நாட்டுப் பிரதியை ஒதுக்கிவிடவும் கூடாது. உள்ளூரில் நூற்றுக்கணக்கான காட்சிகள் ஓடித் தேய்ந்த பிரிண்டைவிட, வெளிநாட்டில் சில வாரங்கள் மட்டுமே ஓடிய சுருளில் அதே காட்சி கீறலின்றி இருக்கும் வாய்ப்பு அதிகம். இலங்கை, மலேயா, சிங்கப்பூர் கொட்டகைகளுக்குப் போன தமிழ்ப்படப் பெட்டிகளுக்கும் இது பொருந்தும்.

அடிக்கணக்கில் அகப்படாத வெட்டும் உண்டு. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில், மு. கருணாநிதியின் வசனத்தில் 1952 அக்டோபர் 17 அன்று வெளியான ‘பராசக்தி’ தணிக்கையில் தேறி வந்த பிறகும் எதிர்ப்புக்கு உள்ளாகி மறு ஆய்வுக்கு ஆளானது. கோயில் காட்சியில் சிலையைப் பற்றிய ஒரு சொல் ஒலிப்பட்டையிலிருந்து நீக்கப்பட்டது. படம் அப்படியே இருந்ததால், நடிகரின் உதட்டசைவு அச்சொல்லைக் காட்டிக் கொடுத்தது. இத்தகைய வெட்டில் சுருளின் நீளம் ஓர் அங்குலமும் குறைவதில்லை. அதனைக் கண்டுபிடிக்க, அச்சில் வந்த வசனப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு படத்தை வரிவரியாகக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

இங்கேதான் தேடலின் திசை பற்றிய கேள்வி எழுகிறது. இந்தியாவின் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் 1964-இல் புனேயில் நிறுவப்பட்டது, பி. கே. நாயர் என்ற தனிமனிதரின் விடாப்பிடியான உழைப்பால் அது வளர்ந்தது. கொரட்டூர் நிலையத்தைக் கடந்து அரக்கோணம் வழியாக மும்பை செல்லும் ரயில்கள் சில அந்தப் புனேயின் வழியாகவே போகின்றன என்பதால், முழுப் பிரதியைத் தேடுபவர் மேற்கு நோக்கிப் புறப்படுவது இயல்பாகத் தோன்றும். ஆனால் முதலில் போக வேண்டிய திசை கிழக்கு. அதாவது சென்னை நகரம். படம் எவ்வளவு இருந்தது என்பதைக் காகிதத்தில் நிறுவாதவர், புனேயில் கிடைக்கும் பிரதி முழுமையா குறையா என்பதை எதைக் கொண்டு தீர்மானிப்பார்?

காகிதச் சான்றுகளில் தலையானது பாட்டுப் புத்தகம். திரையரங்கு வாசலில் சில காசுகளுக்கு விற்கப்பட்ட அச்சிறு பிரசுரத்தில் நடிகர் பட்டியல், கதைச்சுருக்கம், பாடல் வரிகள், பாடும் பாத்திரத்தின் பெயர் ஆகியவை வரிசைப்படி அச்சாகியிருக்கும். பிரதியில் இல்லாத பாட்டு புத்தகத்தில் இருந்தால் ஐயம் எழ வேண்டும். ஆயினும் புத்தகம் படம் முடியும் முன்பே அச்சுக்குப் போவதும் உண்டு என்பதால், அதில் உள்ள பாட்டு எப்போதும் படத்தில் இருந்ததாகக் கொள்ள இயலாது. கிராமபோன் இசைத்தட்டு இரண்டாவது சாட்சி. நாளிதழ், வார இதழ் விமரிசனம் மூன்றாவது சாட்சி. வானொலியில் ஒலிபரப்பாகியும் இசைத்தட்டாக விற்பனையாகியும் வந்த ‘ஒலிச்சித்திரம்’, அதாவது படத்தின் ஒலிப்பகுதி மட்டும் கொண்ட பதிவு, இவை எல்லாவற்றையும்விடப் பயனுடையது. படம் தொலைந்த காட்சிகளுக்கும் அது குரல் கொடுக்கும். சென்னைத் தரமணியில் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தேடித் தேடிச் சேர்த்த தொகுப்பின்மீது 1994-இல் எழுந்தது. நூல்களுடன் பாட்டுப் புத்தகங்களும் துண்டறிக்கைகளும் அங்கே காக்கப்படுகின்றன. பிலிம் நியூஸ் ஆனந்தன் வாழ்நாள் முழுதும் திரட்டிய புகைப்படங்களையும் தகவல்களையும் தமிழக அரசு 2002-இல் விலைக்கு வாங்கியது. வணிகச் சினிமாவின் கழிவு என்று கருதப்பட்ட காகிதங்களைத் தனிமனிதர்கள் காத்ததனால்தான், தமிழ்த் திரை வரலாறு எழுதும் வாய்ப்பே ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

தணிக்கைப் பதிவுகள் தனி வகை. 1918-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1920-இல் மெட்ராஸ் உள்ளிட்ட மாகாண நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் அமைந்தன. விடுதலைக்குப் பின் 1951-இல் மத்திய வாரியம் வந்தது. சான்றிதழின் பின்பகுதியில், எந்த ரீலில் எந்தக் காட்சி எவ்வளவு நீளம் நீக்கப்பட்டது என்று எழுதப்பட்டிருக்கும். திரையில் ஒரு கணம் தோன்றி மறையும் அந்தச் சான்றிதழைப் பொருட்படுத்தாமல் பார்வையாளர்கள் கடந்துவிடுகின்றனர். பழைய பிரதி ஒன்றை ஆராய்பவர் நிறுத்திப் படிக்க வேண்டிய முதல் சட்டகம் அதுவே. அதில் உள்ள அடிக்கணக்கை 90-ஆல் வகுத்து, பிரதியின் ஓட்ட நிமிடங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கணக்குக்குப் பள்ளிக்கூட அறிவு போதும்.

அரசியல் காரணத்தால் முழுப்படமே முடக்கப்பட்ட வரலாறும் உண்டு. கே. சுப்ரமணியம் இயக்கத்தில், கல்கியின் கதையைக் கொண்டு 1939-இல் வந்த ‘தியாகபூமி’, காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகிய பின் 1940-இல் தடை செய்யப்பட்டது. தடை ஆணை நடைமுறைக்கு வருவதற்குள் மெட்ராஸ் கெயிட்டி திரையரங்கில் இலவசமாக ஓட்டியதும், கூட்டம் பெருகிக் காவலர் தடியடி நடத்தியதும் தமிழ்ச் சினிமா வரலாற்றில் பதிவானவை. கதை ஆனந்த விகடனில் படத்தின் புகைப்படங்களோடு தொடராக வந்தது. எனவே இப்படத்துக்குப் பாட்டுப் புத்தகத்தைவிட விரிவான அச்சுச் சான்று வாரந்தோறும் சேர்ந்தது. எஞ்சிய பிரதி புனே காப்பகத்தில் உள்ளது. தடை செய்யப்பட்ட படம் பிழைத்திருக்க, தடையேதும் இன்றி ஊரெல்லாம் ஓடிய முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ ஒரு ரீலும் மிஞ்சாமல் போனது. ஆர். நடராஜ முதலியார் புரசைவாக்கத்தில் எடுத்த ‘கீசக வதம்’ தொடங்கி, மெட்ராசின் மௌனப்படக் காலத் தயாரிப்புகளுக்கும் அதே கதிதான். நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ் 1933-இல் தயாரித்த ‘மார்த்தாண்ட வர்மா’ என்னும் மௌனப்படம் பிழைத்ததற்குக் காரணம், நாவலின் பதிப்பாளர் தொடுத்த உரிமை வழக்கு. வழக்கில் சிக்கி ஓட முடியாமல் கிடந்த சுருள் 1974-இல் காப்பகத்துக்குச் சேர்ந்தது. நிறைய ஓடிய படம் தேய்ந்தழிந்தது, ஓடாத படம் எஞ்சியது.

சுருளின் வேதியியலும் இரக்கமற்றது. 1950-களின் தொடக்கம் வரை பயன்பட்ட நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும், நீருக்குள்ளும் எரியும். 2003 ஜனவரி 8 அன்று புனேயில் நேர்ந்த தீயில், 600-க்கும் மேற்பட்ட படங்களின் ஐயாயிரத்துக்கும் அதிகமான நைட்ரேட் ரீல்கள் சாம்பலாயின. நைட்ரேட்டுக்குப் பின் வந்த அசிட்டேட் சுருள் எளிதில் தீப்பிடிக்காது என்றாலும், வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் சிதைந்து காடியின் நெடியை வெளியிடும். சென்னையின் தட்பவெப்பம் அதற்கு மிகவும் உகந்தது. இவற்றோடு, கறுப்பு வெள்ளைச் சுருளில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்கப் பழைய பிரிண்டுகளை எடைக்கு வாங்கிய வணிகமும் இருந்தது. பாலு மகேந்திரா தம் இறுதி ஆண்டுகளில் ‘வீடு’ முதலான தம் படங்களின் நெகட்டிவ்கள் அழிந்ததைச் சொல்லி, தமிழகத்துக்கென ஓர் ஆவணக்காப்பகம் வேண்டும் என்று மேடைதோறும் வற்புறுத்தினார். 1988-இல் வந்த படத்துக்கே அந்நிலை என்றால், 1938-ஆம் ஆண்டுப் படத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

சீரமைப்பு என்ற சொல்லும் இவ்விடத்தில் எச்சரிக்கையோடு கையாளத்தக்கது. பி. ஆர். பந்துலுவின் ‘கர்ணன்’ 1964-இல் வெளிவந்து, கணினி வழியே துலக்கப்பட்டு 2012 மார்ச்சில் மறுபடி திரைக்கு வந்தபோது பெற்ற வரவேற்பு, பழைய படங்கள் பலவற்றின் மறுவெளியீட்டுக்கு வழி திறந்தது. கீறலை நீக்குவதும் நிறத்தை மீட்பதும் போற்றத்தக்க பணிகள். சாலிகிராமத்துப் பிரசாத் நிறுவனம் அயல்நாட்டுக் காப்பகங்களின் சுருள்களுக்கும் இப்பணியைச் செய்து வருகிறது. எனினும் துலக்குவது வேறு, நிறைவாக்குவது வேறு. ஒற்றை ஒலிப்பட்டையில் பதிவான பழைய இசையை இன்றைய பல்திசை ஒலிக்காகப் புதிதாக்கும்போது, படம் பளிச்சென்று ஆகிறது, முதல் நாள் பார்வையாளர் கேட்டதிலிருந்து விலகவும் செய்கிறது. பழைய ஒலியையும் தனியே காத்து வைத்த பின்பு புதுப்பித்தால் குற்றமில்லை. அப்படிக் காப்பதற்கு ஆகும் செலவைச் சீட்டு விற்பனை ஈடுசெய்யாது என்பதுதான் சிக்கல்.

சட்டம் இன்று பெரிய தடையாக இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்துக்கு உரிமைக்காலம், வெளியான ஆண்டை அடுத்து வரும் 60 ஆண்டுகள். 1964-இல் வந்த கர்ணனுக்கு அது 2024 டிசம்பரோடு முடிந்தது. ஆண்டுக்கு ஆண்டு மேலும் படங்கள் பொதுவுடைமையாகிக் கொண்டிருக்கின்றன. உரிமையாளர் இல்லாத படத்தைப் பராமரிக்க ஆளும் இல்லாமல் போவது இதன் மறுபக்கம். கணினிமயத்துக்குப் பின் கோடம்பாக்கத்து லேப்கள் மூடப்பட்டபோது, கேட்பாரற்ற நெகட்டிவ் பெட்டிகள் எஞ்சியதும் இதே கதையின் பகுதி.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் மூடப்பட்ட கொட்டகை ஒன்றின் இயந்திர அறையிலோ, முன்னாள் ஆபரேட்டர் வீட்டுப் பரணிலோ ரீல் பெட்டி இன்னும் இருந்தால், அதைக் கண்டவர் உடனே ஓட்டிப் பார்க்க முற்படக் கூடாது. சுருங்கிப்போன சுருள் இயந்திரப் பற்களில் சிக்கிக் கிழிந்துவிடும். டப்பாவின் மேலுள்ள பெயர், ரீல் எண், சுருளின் ஓரத்தில் அச்சான குறிகள், தணிக்கைச் சான்றிதழ் எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, நெடியைக் கவனித்து, ஈரமில்லாத இடத்தில் படுக்கை வசமாக வைத்துவிட்டுக் காப்பகத்துக்கு எழுதுவதே முறை. நைட்ரேட் என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும் அதை வீட்டில் வைத்திருப்பது ஆபத்து. எத்தனை ரீலில் இது எத்தனையாவது ரீல் என்ற கேள்விக்கு அந்தக் குறிப்பிலேயே பாதி விடை இருக்கும். மீதிப் பாதி தரமணியில், பாட்டுப் புத்தகங்களுக்கு நடுவே கிடைக்கலாம்.